பிராசஸர் மாற்றிய பின் அடிக்கடி நிற்கும் கணிப்பொறி: பழுதைக் கண்டுபிடிக்கும் முறை



ஒரு சமயம் சரியாகவும் ஒரு சமயம் தப்பாகவும் எடை காட்டுகிற தராசில் நம்மில் யாரும் சரக்கு நிறுப்பதில்லை. சந்தேகம் வந்த அன்றே அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வேறு தராசு எடுக்கிறோம். ஆனால் பில் போடும் கணிப்பொறி ஒரு நாளைக்கு இரண்டு முறை தானாக நின்றுபோனால், "திரும்பப் போட்டால் ஓடுகிறதே" என்று அதே பெட்டியில் வியாபாரத்தை ஓட்டுகிறோம். இது சரியல்ல. கணிப்பொறி பாதியில் நிற்கும்போது பேரேடும் பாதி எழுதிய நிலையில் நிற்கிறது. தராசு தவறினால் ஒரு பொட்டலத்தில் நஷ்டம். பேரேடு தவறினால் வருடக் கணக்கே ஆட்டம் காணும்.

பழைய கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது என்று அதன் பிராசஸரை மட்டும் மாற்றி, வேகம் கூடியதில் மகிழ்ந்து, ஒரு வாரத்தில் "அடிக்கடி நின்றுபோகிறது" என்று தலையில் கை வைப்பது பல கடைகளில் நடக்கிறது. இப்படி நிற்பதற்கு என்ன காரணம், அதை எந்த வரிசையில் தேடுவது, வேலைக்காரரை அழைக்கும் முன் நாமே பார்க்கக்கூடியது எது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பாடத்துக்கு ஓர் உதாரணக் கணிப்பொறி

பொதுவாகப் பேசினால் புரியாது. ஆகவே ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். 2011-ஆம் ஆண்டு வாக்கில் வந்த எச்-61 வகை மதர்போர்டு. அதில் பென்டியம் ஜி-620 பிராசஸர். அதைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் கிடைத்த கோர் ஐ-5 3470 பிராசஸரைப் போட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே சாக்கெட்டில், அதாவது 1155 என்ற சாக்கெட்டில், உட்காரும்.

வெளிப்பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பழையது 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை, இரண்டு கோர், நிர்ணயித்த வெப்ப அளவு 65 வாட். புதியது 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை, நான்கு கோர், 77 வாட். பழையது நினைவகத்தை, அதாவது ராமை, 1066 என்ற வேகத்தில் ஓட்டும். புதியது 1333, 1600 வேகங்களில் ஓட்டும். ஆக, நாம் மாற்றியது ஒரு பொருள்தான் என்றாலும், மின்சாரம், சூடு, நினைவக வேகம், பயாஸ் என்ற நான்கும் அதோடு சேர்ந்து மாறிவிட்டன. பத்து வருடம் ஒரே சுமையைத் தூக்கிப் பழகிய மற்ற உறுப்புகளுக்குத் திடீரென்று சுமை கூடியிருக்கிறது. பழுது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

முதல் வேலை: கணக்கைக் காப்பாற்றுங்கள்

பழுதைத் தேடும் முன் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, கணக்கு விவரங்களை இரண்டு பென்டிரைவில் தனித்தனியாக நகல் எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும். எடுத்த நகல் வேறொரு கணிப்பொறியில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத நகல், பூட்டைத் திறந்து பார்க்காத கல்லாவைப் போன்றது.

இரண்டு, பிராசஸர் மாற்றுவதற்கு முன் எடுத்த பழைய நகல் இருந்தால் அதன் மீது புதியதை எழுதாதீர்கள். புதிய நகலில் ஏற்கெனவே பிழை புகுந்திருக்கலாம். பழைய நகல்தான் நாம் திரும்பிச் சென்று நிற்கக்கூடிய உறுதியான படி.

மூன்று, பழுது தீரும் வரை கைப்பில் புத்தகத்துக்கு மாறுங்கள். ஜி.எஸ்.டி. விதி 46-ன்படி பில் எண் தொடர் எண்ணாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும்; ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளவும் அதே விதி இடம் தருகிறது. ஆகவே கைப்பில்லுக்கு ஒரு தனி எழுத்து கொடுத்துத் தனி வரிசை ஓட்டினால் பின்னால் குழப்பம் வராது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கணிப்பொறி நிற்பது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. கண்ணுக்குத் தெரியாத தொல்லை ஒன்றும் இருக்கிறது. நினைவகத்தில் ஒரே ஒரு புள்ளி புரண்டால், 500 என்ற எண் 244 ஆகிவிட முடியும். கணிப்பொறி எண்ணை இரண்டின் மடங்குகளாக வைத்திருக்கிறது. அதில் 256-க்கான இடம் மட்டும் அழிந்தால் 500-ல் 256 போய் 244 நிற்கும். நம் கடைக் கணிப்பொறிகளில் இருக்கும் சாதாரண ராமுக்கு இந்தத் தவறைக் கண்டுபிடிக்கும் வசதி கிடையாது. இருபது வருடமாக நம்மிடம் சரக்கு எடுக்கிற வாடிக்கைக்காரர் கட்டிய பணம் வரவில் ஏறாமல் போய், மாதக் கடைசியில் நாம் அவரிடம் பாக்கி கேட்டால் என்ன ஆகும்? கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும் என்பார்கள். தப்பான கணக்கைப் பார்த்தால் உறவே போகும். அவர் சத்தியம் செய்வார். நாம் திரையைக் காட்டுவோம். தவறு திரையில் இருக்கும்.

பழுதுக்கும் ஒரு நாள்வழி போடுங்கள்

கல்லாவில் பணம் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? வரவு செலவைத் தேதி வாரியாகப் பார்க்கிறோம். அதே முறைதான் இங்கேயும். ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, கணிப்பொறி ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தேதியும் மணியும், போட்டு எவ்வளவு நேரத்தில் நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, எப்படி நின்றது, திரையில் என்ன எழுத்து வந்தது. நீலத் திரை வந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நான்கு வரி சேர்ந்தாலே பழுது எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நிற்கும் விதத்தை வைத்துச் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இவை:

1. எந்த எழுத்தும் வராமல், விளக்கு அணைந்தது போல் பட்டென்று நின்று, தானாகவே திரும்ப ஓடுகிறது - மின்சாரப் பக்கம்; எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்., பிளக்.

2. காலையில் நன்றாக ஓடி, மதியமோ கூட்ட நேரத்திலோ முதலில் மெதுவாகி, பிறகு நிற்கிறது. சற்று ஆறவிட்டால் ஓடுகிறது - சூடு.

3. நீலத் திரை வருகிறது; ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் காட்டுகிறது - ராம், அல்லது சாக்கெட்டில் வளைந்த ஊசி.

4. நீலத் திரையில் எப்போதும் டபிள்யூ.எச்.இ.ஏ. என்று தொடங்கும் பிழையே வருகிறது - பிராசஸர், அதற்குப் போகும் மின்சாரம், பயாஸ்.

5. தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது - மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி.

6. புதிய பிராசஸருடன் திரையே வருவதில்லை - பயாஸ் ஆதரவு இல்லை, அல்லது பிராசஸர் சரியாக உட்காரவில்லை.

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்ற பதிவேடு உண்டு. அதில் 'கெர்னல் பவர் 41' என்ற வரி இருந்தால் உடனே "பவர் சப்ளை போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முறையாக மூடாமல் கணிப்பொறி நின்றது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. நாமே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே வரிதான் வரும்.

படி 1: பயாஸ் பட்டியலைப் பாருங்கள்

சாக்கெட்டில் உட்காருகிறது என்பதால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற நிரலுக்கு அந்தப் பிராசஸரைத் தெரிந்திருக்க வேண்டும். மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில், எந்தப் பிராசஸருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். நம் உதாரணத்தில் மூன்றாம் தலைமுறை பிராசஸர் எச்-61 போர்டில் ஓட பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பி-65, க்யூ-65, க்யூ-67 என்ற சிப்செட் உள்ள போர்டுகளுக்கு மூன்றாம் தலைமுறைக்கான ஆதரவை இன்டெல் தரவில்லை. அலுவலகங்களில் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் பெட்டிகளில் இந்த க்யூ வகை போர்டுகள் உண்டு. ஆகவே பிராசஸரை வாங்கும் முன் போர்டின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பயாஸைப் புதுப்பிக்கும்போது கணிப்பொறி நின்றால் போர்டே இயங்காமல் போகலாம். அடிக்கடி நிற்கிற நிலையில் அந்த வேலையைத் தொடவே கூடாது. முதலில் பழைய பிராசஸரைத் திரும்பப் போட்டு, நன்றாக ஓடுகிறது என்று உறுதி செய்து, யு.பி.எஸ். பேட்டரி நிறைந்திருக்கும்போது பயாஸைப் புதுப்பித்து, அதன் பிறகே புதியதைப் போட வேண்டும். நிறுவனம் இரண்டு மூன்று படிகளாகச் செய்யச் சொல்லியிருந்தால் வரிசை தவறக் கூடாது.

படி 2: பழைய அமைப்புகளை அழியுங்கள்

பயாஸில் பழைய பிராசஸருக்காக யாரோ எப்போதோ மாற்றி வைத்த அமைப்புகள் இருக்கலாம். அதில் இயல்பு நிலைக்குத் திருப்பும் வசதி உண்டு. அதைச் செய்து சேமியுங்கள். வேகத்தை வலுக்கட்டாயமாகக் கூட்டும் எந்த அமைப்பும் கடைக் கணிப்பொறிக்கு வேண்டாம்.

அப்படியே காசு வடிவ பேட்டரியையும் பாருங்கள். அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. பல வருடமாக மாற்றாமல் இருந்தால் மாற்றிவிடுங்கள். பேட்டரி செத்தால், பெட்டிக்கு மின்சாரம் நிற்கும்போதெல்லாம் பயாஸ் அமைப்புகளும் தேதியும் அழிந்துவிடும். தேதி தவறிய கணிப்பொறியில் பில் போட்டால் அந்தப் பில்லே செல்லாக் காசு போல் ஆகிவிடும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 3: சூடு

பென்டியத்தோடு வந்த சிறிய அலுமினிய ஹீட்சிங்க் 65 வாட்டுக்குப் போதும். அதையே 77 வாட் பிராசஸருக்கும், 95 வாட் உள்ள ஐ-7 2600-க்கும் பொருத்தி, கோடைக்காலத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கடையில் ஓட்டினால் அது திணறும். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். அது பழுது அல்ல, பாதுகாப்பு.

எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் வெப்பநிலை தெரியும். சும்மா இருக்கும்போது 35 முதல் 50, கடும் வேலையில் 80 வரை என்றால் கவலையில்லை. 90-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை: ஹீட்சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் போர்டின் பின்புறம் வரை முழுதாக இறங்கியிருக்கின்றனவா? ஒன்று தூக்கி நின்றாலும் ஒரு பக்கம் தொடாது. தலையில் உள்ள அம்புக்குறித் திசையில் திருப்பினால் ஊசி கழலும் என்பதை அறியாமல், இறுக்குவதாக நினைத்துக் கழற்றி வைப்பவர்களும் உண்டு. நான்கையும் குறுக்குக் குறுக்காக அழுத்த வேண்டும். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு துவரம் பருப்பு அளவு புதியது வைத்தால் போதும். ஹீட்சிங்க்கை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பேஸ்ட் புதிதாக வைக்க வேண்டும்.

மளிகைக் கடைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் எண்ணெய்ப் பிசுக்கோடும் ஊதுபத்திப் புகையோடும் சேர்ந்து, ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் கம்பளி போல் படிந்துவிடும். வெளியே மின்விசிறி சுற்றும்; உள்ளே காற்று போகாது. மின்விசிறியைக் கையால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பெட்டியைத் தரையிலும் மூட்டைகளுக்கு இடையிலும் வைக்காமல், சுற்றிலும் நான்கு விரற்கடையாவது இடம் விட்டு மேலே வையுங்கள்.

படி 4: மின்சாரம்

பிராசஸர் சுமார் ஒரு வோல்ட்டில்தான் இயங்குகிறது. 77 வாட்டை 1.1 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். 70 ஆம்பியர் வருகிறது. எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் 12 வோல்ட்டை மதர்போர்டில் உள்ள பாகங்கள் இந்த ஒரு வோல்ட்டாக மாற்றித் தருகின்றன. சுமை திடீரென்று ஏறும் கணத்தில் இந்த வழியில் எங்கேனும் பலவீனம் இருந்தால் கணிப்பொறி நின்றுவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மீது கொட்டை எழுத்தில் 450 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒட்டியிருக்கும் பட்டியலில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 15 ஆம்பியர் என்றால் 180 வாட்தான். நிறை மூட்டையா, சாக்கு எடையும் சேர்ந்ததா என்று பார்த்து வாங்குகிற நமக்கு இந்த வித்தியாசம் எளிதில் புரியும்.

பிராசஸருக்கென்று தனியாக வரும் நான்கு கம்பிச் சதுரப் பிளக் முழுதாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு குப்பி போன்ற கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேடிட்டோ, பழுப்பு நீர் கசிந்தோ இருந்தால் அந்தப் போர்டின் காலம் முடிந்து வருகிறது. புதிய பிராசஸர் அதை விரைவுபடுத்தும். சிறிய பெட்டிகளில் வரும் சில போர்டுகள் 65 வாட்டுக்கு மேல் ஏற்பதில்லை. அதையும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யு.பி.எஸ்.-ஐயும் மறக்காதீர்கள். பேட்டரி கிழடாகிவிட்டால், மின்சாரம் கணநேரம் துடிக்கும்போதே அது கையை விரித்துவிடும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.-ல் மாட்டக் கூடாது. அது சூடேறும்போது அதிக மின்சாரம் இழுக்கும். மாலையில் குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் அதே நேரத்தில் கணிப்பொறி நிற்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

படி 5: ராம்

பலர் தவறவிடும் இடம் இது. "ராமை நாங்கள் தொடவே இல்லையே, அது எப்படிக் கெடும்?" என்பார்கள். இந்தத் தலைமுறைப் பிராசஸர்களில் ராமை நிர்வகிக்கும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. பென்டியம் ஜி-620 இருந்தவரை, மேலே 1333 என்று எழுதிய ராமும் 1066-ல்தான் ஓடியது. புதியது வந்ததும் அது எழுதிய வேகத்தில் ஓட வேண்டியதாயிற்று. பலவீனமான ராம் மெதுவாக நடக்கும்போது தெரியாது. ஓடச் சொன்னால் விழும்.

சோதனை எளிது. மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, இரவு கடை மூடும்போது ஓடவிட்டுப் போங்கள். காலையில் ஒரு பிழை இருந்தாலும் பிழைதான். "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. பிறகு ஒவ்வொரு ராமாகத் தனியே வைத்துச் சோதியுங்கள். ஒரு குறிப்பிட்ட ராமோடு மட்டும் பிழை வந்தால் அதை மாற்றுங்கள். எந்த ராமை வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பிழை வந்தால், அல்லது இரண்டில் ஒன்று கணக்கிலேயே வராவிட்டால், சாக்கெட்டில் ஊசி வளைந்திருக்கலாம். இவ்வகைச் சாக்கெட்டில் ஊசிகள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. முடி போல் மெல்லியவை. மாற்றும்போது விரல் பட்டாலும் வளையும். பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துச் சாய்வாகப் பார்த்தால் வரிசை தவறிய ஊசி தெரியும். அதை நிமிர்த்துவது நம் வேலையல்ல. கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள்.

ஹார்டு டிஸ்க் வயரையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உள்ளே வேலை செய்தபோது கை பட்டுத் தளர்ந்த வயரின் குற்றம், பிராசஸர் தலையில் விழுவது உண்டு.

படி 6: பழையதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்

வியாபாரம் காத்திராது என்றால் இதையே முதல் நாள் செய்துவிடலாம். பழைய பிராசஸரோடு மூன்று நாள் நிற்காமல் ஓடினால், மாற்றியதால்தான் தொல்லை என்று தெரிகிறது. அப்போதும் நின்றால், பழுது வேறு எங்கோ இருக்கிறது.

ஆனால் இதிலிருந்து "புதிய பிராசஸர் பழுது" என்று முடிவு கட்டக் கூடாது. பழையது குறைந்த மின்சாரம் எடுக்கிறது. குறைந்த சூடு தருகிறது. ராமை மெதுவாக ஓட்டுகிறது. பலவீனமான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பலவீனமான ராமும் பழையதோடு நன்றாகவே ஓடும். புதிய பிராசஸரைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டுமானால், அதை நன்றாக ஓடுகிற வேறொரு போர்டில் போட்டு அங்கேயும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிராசஸரே பழுதாக இருக்குமா?

அபூர்வம், ஆனால் நடந்ததுண்டு. 1994-ல் இன்டெல்லின் பென்டியம் பிராசஸர்களில் சில வகுத்தல் கணக்குகள் தவறாக வருவதை அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் வெளிக்கொணர்ந்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், 1.33373 வந்தது. இறுதியில் அந்நிறுவனம் மாற்றித் தர ஒப்புக்கொண்டு 475 மில்லியன் டாலர் செலவுக் கணக்கு எழுதியது. 2024-லும் அதே நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசஸர்கள் சில, அளவுக்கு மீறிய வோல்ட்டேஜால் நிலைகுலைந்தன. பயாஸ் வழியாகத் திருத்தம் தந்து, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். அந்தத் தலைமுறைக் கணிப்பொறி வைத்திருப்போர் பயாஸைப் புதுப்பித்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பிராசஸரின் தலையில் 'கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்திருந்தால் வாங்காதீர்கள். அது சோதனைக்காகக் கொடுக்கப்பட்ட மாதிரி, விற்பனைச் சரக்கல்ல.

ஒரு பயிற்சி

ஒரு கடையின் நோட்டில் இப்படி மூன்று வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

திங்கள், காலை 11.20 - பில் போடும்போது நீலத் திரை. சூடு 52.
செவ்வாய், இரவு 7.05 - கூட்ட நேரம், நீலத் திரை, வேறு எழுத்து. சூடு 61.
புதன், காலை 9.15 - போட்ட ஐந்தாவது நிமிடம், சரக்கு இருப்புப் பட்டியல் எடுக்கும்போது நீலத் திரை, மீண்டும் வேறு எழுத்து. சூடு 44.

சூடா? 44-ல் நிற்கிறது, இல்லை. மின்சாரமா? பட்டென்று அணையவில்லை, நீலத் திரை காட்டும் அளவுக்குக் கணிப்பொறிக்கு உயிர் இருக்கிறது. ஆகவே சந்தேகம் குறைவு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எழுத்து என்பதால் ராமைப் பார்க்கிறோம். இரவு முழுதும் சோதித்ததில் இரண்டில் ஒரு ராமில் 1333 வேகத்தில் பிழை வருகிறது. பயாஸில் 1066 என்று குறைத்தால் வரவில்லை. தீர்ப்பு: ராமை மாற்று. வேகத்தைக் குறைத்து ஓட்டுவது, புதியது வாங்கும் வரை இரண்டு நாள் சமாளிக்கத்தான். எழுதிய வேகத்தில் ஓடாத ராம், குறைந்த வேகத்திலும் எத்தனை நாள் உண்மை பேசும் என்று சொல்ல முடியாது.

இந்த நோட்டு இல்லாமல் ஒருவர் வந்திருந்தால் முதலில் எஸ்.எம்.பி.எஸ்., பிறகு பிராசஸர், பிறகு போர்டு என்று மாற்றிக்கொண்டே போயிருப்பார். பில் நமக்கு வந்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும் என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். மூன்றை ஒரே நாளில் மாற்றி, கணிப்பொறி ஓடிவிட்டால், எது காரணம் என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

ஒரு நாள் ஓடியது போதாது. இரவு முழுதும் ராம் சோதனை பிழையின்றி முடிய வேண்டும். பிரைம்95 போன்ற நிரலை வைத்துப் பகலில், கடை சூடாக இருக்கும் நேரத்தில், இரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாரம் கைப்பில்லையும் விடாமல் கணிப்பொறியிலும் ஏற்றி, இரவில் இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு கணக்கைச் சரிபாருங்கள். நின்றுபோன தேதிகளில் பில் எண் வரிசையில் விடுபட்டதோ இரட்டித்ததோ உண்டா? கல்லா ரொக்கம் ஒத்துப்போகிறதா? கடன் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரின் பாக்கியையும் அவர் கையில் உள்ள சிட்டையோடு ஒத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால், மாற்றுவதற்கு முந்தைய நகலை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிந்தைய பில்களைத் திரும்ப ஏற்றுவதே சுத்தமான வழி. இரண்டு நாள் உழைப்பு. ஆனால் மாதம் 20-ஆம் தேதி வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கை நடுங்காது.

மாற்றுவது லாபமா?

கடைசியாக வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி. கணிப்பொறி மெதுவாக ஓடுவதற்குப் பிராசஸர்தான் காரணமா? பில் போடும் வேலைக்குப் பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் தடை. அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை 8 ஜி.பி. ஆக்கினாலே வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். மின்சாரச் சுமையும் கூடாது. மேலும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு அந்நிறுவனம் ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான். இரண்டாம் தலைமுறையைக் கழற்றி மூன்றாம் தலைமுறையைப் போட்டாலும் அந்த வாசலை எட்ட முடியாது. இரண்டு வருடம் தள்ள வேண்டும் என்றால் சிறு செலவு; ஐந்து வருடம் ஓட வேண்டும் என்றால் பெட்டியையே மாற்றுவது என்று கணக்குப் போடுங்கள்.

கல்லா மேசையில் ஒட்டி வைக்க:

1. நின்றால், முதலில் கணக்கு நகல், பிறகுதான் பழுது.
2. பழைய நகல் மீது புதியதை எழுதாதே.
3. ஒவ்வொரு முறை நிற்பதையும் நோட்டில் எழுது.
4. நிலையில்லாத கணிப்பொறியில் பயாஸைத் தொடாதே.
5. தூசி, பேஸ்ட், நான்கு ஊசி.
6. 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்?
7. இரவு முழுதும் ராம் சோதனை.
8. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.
9. ஓடினால் போதாது, கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அளக்கிற கருவியே ஆடினால் அளவுக்கு என்ன மதிப்பு? கருவியை நிறுத்தி, சரிசெய்து, பிறகு வியாபாரம் செய்வோம். உறுப்பினர்கள் இந்தப் பாடத்தைக் கடையில் பில் போடும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டக் கேட்டுக்கொள்கிறோம்.